ஐந்து இயக்குநர்கள், ஒரே கேமரா: ஆந்தாலஜி படம் என்றால் என்ன?

ஒரு சினிமாவில் இயக்குநர் உண்மையில் என்னதான் செய்கிறார்? கதை எழுதியவர் வேறு, கேமராவைப் பிடித்தவர் வேறு, நடித்தவர்கள் வேறு, வெட்டி ஒட்டியவர் வேறு. இத்தனை பேரின் பங்கையும் கழித்துவிட்டால் இயக்குநருடையது என்று மிஞ்சுவது எது? சினிமாவைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கத் தொடங்கிய காலத்தில் எனக்குள் ஓயாமல் ஓடிய கேள்வி இது. புத்தகங்களில் பதில் கிடைத்தது. ஆனால் படித்துத் தெரிந்துகொள்வதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றில்லையே.

சரி, இப்படி ஒரு ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே எழுத்தாளரின் கதைகள். ஒரே ஒளிப்பதிவாளர். அந்தக் கதைகளை ஐந்து பேர் ஆளுக்கொன்றாக எடுக்கிறார்கள். ஐந்தையும் ஒரே படமாகக் கோத்துவிடுகிறார்கள். எழுத்து மாறவில்லை, கேமரா மாறவில்லை. மாறுகிறவர் இயக்குநர்தான். அப்போது அவருடைய கை எது என்பது தானாகவே தெரிந்துவிடும், இல்லையா?

அப்படி ஒரு படம் இருக்கிறது. 1966 தொடக்கத்தில் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் திரைக்கு வந்தது. பெயர் 'பெர்லிச்கி நா த்ன்யே'. 'அடியாழத்து முத்துகள்' என்று சொல்லலாம். 'பெர்லா' என்றால் செக் மொழியில் முத்து. 'பெர்லிச்கா' என்றால் அதையே செல்லமாக, குட்டி முத்து. எழுதியவர் போஹுமில் ஹ்ராபல். இயக்கியவர்கள் யிர்ஷி மென்ஸெல், யான் நெமெத்ஸ், எவால்ட் ஷோர்ம், வேரா ஹிதிலோவா, யரோமில் யிரெஷ். ஐந்து பகுதிகளுக்கும் ஒளிப்பதிவு யரோஸ்லாவ் குச்சேரா. ஆந்தாலஜி படம் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், விளக்கம் சொல்வதற்கு முன் இந்தப் படத்தைத்தான் கையில் கொடுப்பேன்.

விளக்கமும் ஒன்றும் சிக்கலானதல்ல. ஒரே படத்துக்குள் பல தனிக்கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் அது ஆந்தாலஜி. ஓடிடி வந்த பிறகு இந்தச் சொல் நம் காதுக்கு நன்றாகவே பழகிவிட்டது. மூலம் கிரேக்கச் சொல். பூக்களைப் பறித்துத் தொகுப்பது என்று பொருள். நம்மிடம் இதற்கு 'தொகை' என்று எப்போதோ சொல் இருக்கிறது. குறுந்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 200-க்கும் மேற்பட்ட புலவர்கள் பாடியது. ஆனாலும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்ட மூட்டை அல்ல அது. நான்கு அடியிலிருந்து எட்டு அடி வரை உள்ள அகப்பாடல்கள் என்று ஒரு வரையறை இருக்கிறது. தொகுப்பு என்றால் இதுதான் முக்கியம்: கோக்கிற நூல் எது? நல்ல ஆந்தாலஜி படத்தையும் சும்மா நான்கு குறும்படங்களை ஒட்டிய படத்தையும் பிரிப்பது அந்த நூல்தான்.

நூல் பலவிதமாக இருக்கலாம். ஒரே இயக்குநரே எல்லாக் கதைகளையும் எடுத்து, ஒரு வரலாற்றுச் சூழலால் கட்டலாம். இத்தாலியின் ரோபெர்டோ ரோஸெல்லினி 1946-ல் எடுத்த 'பைஸா' அப்படிப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் சிசிலியிலிருந்து வடக்கே நகர நகர ஆறு தனிக்கதைகள் நடக்கும். இல்லையென்றால் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொல்வதாக ஒரு வெளிச்சட்டம் போடலாம். இன்னொரு வகை, ஒரு தலைப்பையோ ஒரு ஊரையோ கொடுத்துப் பல இயக்குநர்களை அழைப்பது. பல பாத்திரங்களின் கதைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி கடைசியில் ஓரிடத்தில் சந்திக்கும் படங்களையும் சிலர் ஆந்தாலஜி என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆந்தாலஜியில் ஒரு கதை முடிந்தால் முடிந்ததுதான். அந்த மனிதர்கள் திரும்பி வர மாட்டார்கள். பார்க்கிறவர் அவர்களை விட்டுவிட்டு அடுத்த கதைக்குப் புதிதாகத் தயாராக வேண்டும். இந்த வடிவத்தின் சிரமமும் சுகமும் அதில்தான் இருக்கிறது.

1960-களின் தொடக்கத்தில் இத்தாலியிலும் பிரான்சிலும் பல இயக்குநர்கள் சேர்ந்து எடுக்கும் படங்கள் வரிசையாக வந்தன. பெரும்பாலும் தயாரிப்பாளரின் கணக்கு அது. நான்கு பெரிய பெயர்களும் நட்சத்திரங்களும் ஒரே போஸ்டரில் இருந்தால் கூட்டம் வரும். செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராகாவில் நடந்தது வேறு. அங்கே தனியார் தயாரிப்பாளர் என்று ஒருவரே கிடையாது. 1945-லேயே திரைப்படத் தொழில் முழுவதும் அரசுடைமை ஆகிவிட்டது. 1946-ல் 'ஃபாமு' என்ற திரைப்படக் கல்லூரி தொடங்கியது. அரசுப் பணத்தில் படிப்பு, அரசு ஸ்டூடியோவில் வேலை. கூடவே அரசின் தணிக்கையும். 1950-களின் இறுக்கம் மெல்லத் தளர்ந்தபோது அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு கூட்டமே வெளியே வந்தது. இந்தப் படத்தின் ஐந்து பேரும் அங்கே படித்தவர்கள். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். எல்லோருக்கும் முப்பதை ஒட்டிய வயது. இவர்களைச் சேர்த்து உலகம் பிற்பாடு 'செக் புதிய அலை' என்று அழைத்தது. அந்த அலையின் கூட்டறிக்கை என்றே இந்தப் படத்தைப் பலரும் சொல்வார்கள். ஒரு வரிகூடக் கொள்கை எழுதாத அறிக்கை.

ஆனால் ஏன் ஹ்ராபல்? இந்த இளைஞர்கள் ஏன் தங்களைவிடப் பல வயது மூத்த ஒருவரின் கதைகளைச் சுற்றி ஒன்று சேர்ந்தார்கள்?

ஹ்ராபல் 1914-ல் ப்ர்னோ நகரில் பிறந்தவர். நிம்பர்க் என்ற சிற்றூரில் ஒரு பீர் ஆலையில் வளர்ந்தார். பிராகாவில் சட்டம் படிக்கப் போனார். 1939-ல் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை இழுத்து மூடியதால் போர் முடிந்த பிறகு 1946-ல்தான் பட்டம் வாங்க முடிந்தது. வாங்கிய பட்டத்தை வைத்து அவர் வக்கீலாகவில்லை. போர்க்காலத்தில் ஒரு சிறிய ரயில் நிலையத்தில் ரயில்களை அனுப்பும் வேலை. அப்புறம் காப்பீட்டு முகவர். அப்புறம் ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்பவர். க்லாத்னோவில் எஃகு ஆலைத் தொழிலாளி. பிராகாவில் பழைய காகிதக் கடையில் காகிதத்தை அழுத்திக் கட்டும் வேலை. ஒரு நாடக அரங்கில் மேடைப் பணியாளர். இவ்வளவுக்கும் நடுவில் எழுதிக்கொண்டே இருந்தார். 1959-ல் வெளியாக வேண்டிய புத்தகம் அச்சில் இருக்கும்போதே நிறுத்தப்பட்டது. முதல் கதைத் தொகுப்பு கைக்கு வந்தது 1963-ல். அப்போது அவருக்கு வயது 49.

அந்தத் தொகுப்பின் பெயர்தான் 'பெர்லிச்கா நா த்ன்யே'. 'அடியில் ஒரு குட்டி முத்து'. புத்தகத்தில் ஒருமை. படத்தில் அதைப் பன்மையாக்கினார்கள், அவ்வளவுதான். பெயரே ஹ்ராபலின் பார்வையைச் சொல்லிவிடுகிறது. சாராயக் கடையில் பக்கத்தில் நிற்கிறவன், பழைய காகிதம் கொண்டு வந்து போடுகிற கிழவி, மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறவர். யாராக இருந்தாலும் அடியில் ஒரு முத்து கிடக்கும், முத்துக் குளிக்கிறவனுக்கு மூச்சுப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

அவர் மூச்சுப் பிடித்து இறங்கிய கடல், பேச்சு. ஹ்ராபலின் ஆட்கள் பேசுவார்கள், பேசுவார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். நம் ஊரில் கதையளப்பது, அளந்து விடுவது என்போமே, அந்தப் பேச்சு. நிஜமும் கற்பனையும் கலந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, தன் வாழ்க்கையைத் தானே பெரிதாக்கிச் சொல்லும் பேச்சு. இப்படிப் பேசுகிறவர்களுக்கு அவர் 'பாபிதெலெ' என்று தனியாகவே ஒரு பெயர் வைத்திருந்தார். 1964-ல் வந்த அவருடைய அடுத்த தொகுப்பின் தலைப்பும் அதுதான். அன்றைய நிலைமையை யோசித்தால் இதன் கனம் புரியும். பத்து வருடங்களுக்கும் மேலாகத் திரையிலும் மேடையிலும் தொழிலாளி என்றால் எப்படிப் பேச வேண்டும் என்று மேலிடத்திலிருந்து எழுதிக் கொடுத்தார்கள். இங்கே ஒரு மனிதர், தொழிலாளிகளோடு வேலை செய்து அவர்கள் நிஜமாகப் பேசுவதை எழுதியிருக்கிறார். இளம் இயக்குநர்கள் ஓடி வந்து பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

இப்போது படத்துக்குள் போகலாம்.

முதல் கதை மென்ஸெல் எடுத்தது, 'பால்தஸார் அவர்களின் மரணம்'. ப்ர்னோவில் மோட்டார் சைக்கிள் பந்தயம். ஒரு குடும்பம் பழைய காரில் அதைப் பார்க்கக் கிளம்புகிறது. இது கற்பனைப் பந்தயம் அல்ல. 1956-ல் அதே ப்ர்னோ பந்தயத்தில் ஹான்ஸ் பால்டிஸ்பெர்கர் என்ற ஜெர்மன் வீரர் விபத்தில் இறந்தார். ஹ்ராபலின் மூலக்கதைத் தலைப்பில் அவர் பெயரேதான் இருக்கிறது. மென்ஸெல் பந்தயத்தைவிடப் பார்வையாளர்களையே அதிகம் பார்க்கிறார். எஞ்சின்கள், பழைய சாம்பியன்கள், எந்த வளைவில் யார் எப்படி விழுந்தார்கள், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள் போல உற்சாகம். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு நிஜ மரணம் கண்ணெதிரே நடந்துவிடுகிறது. பந்தயம் முடிகிறது. கூட்டம் வீட்டுக்குக் கிளம்புகிறது. மென்ஸெலின் கை மென்மையானது. யாரையும் குற்றம் சொல்ல மாட்டார். மனிதர்கள் இப்படித்தான், பாருங்கள் என்று காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அவர் அதுவரை முழுநீளப் படம் எடுத்திருக்கவில்லை. இதற்கு அடுத்து ஹ்ராபலின் ரயில் நிலையக் கதை ஒன்றை முழுப்படமாக எடுத்தார். அது 1968-ல் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

இரண்டாவது, நெமெத்ஸின் 'ஏமாற்றுக்காரர்கள்'. ஐந்திலும் சிறியது, வெளித்தோற்றத்தில் மிக எளியது. மருத்துவமனையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு முதியவர்கள். ஒருவர் தன்னைப் பெரிய ஆபரா பாடகர் என்கிறார். மற்றவர் தன்னைப் பேர் பெற்ற பத்திரிகையாளர் என்கிறார். பாடிய மேடைகள், எழுதிய செய்திகள், பார்த்த மனிதர்கள் என்று கதை வளர்ந்துகொண்டே போகிறது. பிறகு இருவரும் இறந்துபோகிறார்கள். பிணவறையில் நடக்கும் பேச்சில், சொன்னதெல்லாம் பொய் என்று நமக்குத் தெரிகிறது.

இதை எடுத்தவர் யார் என்பதைக் கவனியுங்கள். நெமெத்ஸ் 1964-ல் எடுத்த முதல் முழுநீளப் படம், ரயிலிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடும் இரண்டு பையன்களைப் பற்றியது. அதில் வசனம் மிக மிகக் குறைவு. ஓட்டமும் மூச்சும்தான் படம். அப்படிப்பட்டவர் இங்கே அசையாத இரண்டு கட்டில்களையும் நிற்காத பேச்சையும் மட்டும் வைத்துக்கொள்கிறார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. இரண்டாவது தடவைதான் விஷயம் பிடிபட்டது. முடிவு தெரிந்த பிறகு பார்த்தால் முகங்களே வேறு மாதிரி தெரிகின்றன. ஒருவர் பொய் சொல்லும்போது மற்றவர் கேட்கும் அந்த ஆர்வம் இருக்கிறதே, அதில் பொய்யே இல்லை. இருவரும் கடைசி நாட்களில் ஒருவருக்கொருவர் வாழ்க்கை ஒன்றைப் பரிசாகக் கொடுத்துக்கொள்கிறார்கள். தலைப்பு அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்கிறது. கேமரா அப்படிச் சொல்லவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

மூன்றாவது கதை தொடங்கியதும் திரையில் வண்ணம் வந்துவிடுகிறது. மற்ற நான்கும் கறுப்பு வெள்ளை. ஷோர்மின் 'ஆனந்த இல்லம்' மட்டும் வண்ணம். காரணம் திரையிலேயே இருக்கிறது. இரண்டு காப்பீட்டு முகவர்கள் ஒரு வீட்டுக்கு வருகிறார்கள். அந்த வீட்டின் சுவர்கள் முழுக்க ஓவியம். வீட்டுக்காரர் எந்தப் பள்ளியிலும் ஓவியம் கற்காதவர். தோன்றியதையெல்லாம் வரைந்து வீட்டையே நிறைத்துவிட்டார். முகவர்கள் முதுமைக்கால ஓய்வூதியம், பிரீமியம் என்று வந்த வேலையைப் பேசப் பார்க்கிறார்கள். அவரும் அவருடைய அம்மாவும் வேறு உலகத்தில் இருக்கிறார்கள். இந்தப் பாத்திரத்தில் நடித்தவர் தொழில்முறை நடிகரல்ல. வாட்ஸ்லாவ் ஜாக் என்ற, நிஜமாகவே தானாக வரையக் கற்ற ஓவியர். காப்பீடு விற்க வீடு வீடாகப் போகும் வேலையை ஹ்ராபல் தானே பார்த்தவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த முகவர்களில் ஒருவராக அவரே ஒரு காலத்தில் இப்படி ஒரு வாசலில் நின்றிருக்கக்கூடும்.

ஷோர்ம் இந்தக் கூட்டத்திலேயே கனமானவர். மனசாட்சி, நேர்மை, உண்மை என்று முகத்துக்கு நேரே கேட்கிற இயக்குநர். இங்கே அவர் சிரிக்க வைக்கிறார். ஆனால் கேள்வி அவருடையதேதான்: எது பாதுகாப்பு? காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வாங்குவதா, இந்தச் சுவரில் இருப்பதா?

நான்காவது கதையில்தான் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன். ஹிதிலோவாவின் 'ஆட்டோமாட் ஸ்வ்யெத்'.

ஆட்டோமாட் என்பது பிராகாவில் அந்தக் காலத்து மலிவு உணவகம். மேசையில் வந்து பரிமாற மாட்டார்கள். நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் நின்றுகொண்டே சாப்பிடுவது, நின்றுகொண்டே பீர் குடிப்பது. 'ஸ்வ்யெத்' என்றால் உலகம். இந்தப் பெயரில் நிஜமாகவே ஓர் உணவகம் லிபென் பகுதியில், அதே பெயருள்ள சினிமா தியேட்டர் இருந்த கட்டடத்தில் இருந்தது. ஹ்ராபல் அந்த லிபெனில்தான், 'நா ஹ்ராஸி' என்ற சந்தில், 1950 முதல் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். அவருடைய காலடிக்குப் பழகிய இடம்.

கதை இப்படி. அந்தக் கட்டடத்திலேயே ஒரு கல்யாணக் கொண்டாட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அதே இரவில் உணவகத்தின் கழிவறையில் ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டது தெரிய வருகிறது. போலீஸ் வர வேண்டும். கதவைச் சாத்திவிடுகிறார்கள். உள்ளே சிலர், வெளியே கூட்டம், நடுவில் கண்ணாடி. வெளியே நிற்கிறவர்கள் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே இருக்கும் ஓர் இளைஞன் தன் கதையைச் சொல்கிறான். தொழிற்சாலையில் வேலை செய்யும் கலைஞன் அவன். பின்னால் மணப்பெண் வருகிறாள். மாப்பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கல்யாண உடையில் தனியாக நிற்கும் பெண்ணும் அந்தக் கலைஞனும் மழை இரவில் ஒன்றாக வெளியே போகிறார்கள்.

அந்தக் கலைஞன் பாத்திரத்துக்குப் பின்னால் நிஜமான ஒருவர் இருக்கிறார்: விளாதிமிர் போவ்த்னிக், ஹ்ராபலின் நெருங்கிய நண்பர். கொஞ்சகாலம் அதே 'நா ஹ்ராஸி' வீட்டில் ஹ்ராபலோடு இருந்தவர். இந்தப் பகுதியில் அவரே நடித்தும் இருக்கிறார். பகலில் தொழிற்சாலைத் தொழிலாளி. அங்கே கிடக்கும் தகடு, இரும்புத் தூள், ஆணி, உலோகக் கழிவு இவற்றையே வைத்து அச்சோவியங்கள் உருவாக்கினார். 1949-ல் அவர் ஒரு கலை அறிக்கை எழுதினார். அதன்படி ஒவ்வொரு மனிதனும் கலைஞன்தான். பார்க்கத் தெரிந்தால் போதும். சும்மா எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. பிராகாவின் தெருக்களில் காரை பெயர்ந்த சுவர்கள் முன் நின்று, அந்தக் கறைகளுக்குள் உருவங்களைக் கண்டுபிடித்து, கோடு போட்டுக் காட்டி, வழியில் போகிறவர்களையும் பார்க்கச் சொன்னார். ஈரம் ஏறிய சுவரில் குதிரையும் முகமும் மேகமும் தெரிவதை நாமெல்லாம் சின்ன வயதில் பார்த்திருக்கிறோமே, அதுதான். அந்தக் கண்ணை ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கக் கைவிடாமல் வைத்திருந்தார். 1968-ல் இறந்துபோனார்.

இப்போது கதையைத் திரும்பப் பாருங்கள். ஒரு பிணம், ஒரு கல்யாணம், ஒரு கைது, பீர் வாசனை, கண்ணாடியில் அழுந்திய முகங்கள். காரை பெயர்ந்த சுவர் மாதிரி ஓர் இரவு. ஹிதிலோவா அந்தச் சுவரில் உருவம் தேடுகிறார். மென்ஸெல் எடுத்திருந்தால் இந்தக் கூட்டத்தைப் பார்த்து நாம் புன்னகைத்திருப்போம். ஷோர்ம் எடுத்திருந்தால் அந்தப் பெண் ஏன் செத்தாள் என்று கேட்டிருப்பார். ஹிதிலோவா காரணம் கேட்கவில்லை. சாவையும் கல்யாணத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த இரண்டுக்கும் நடுவில் உண்டாகும் விநோதமான வெளிச்சத்தைப் பிடிக்கிறார். கதை முன்னே நகர்வதைவிடப் படிமங்கள் ஒன்றோடொன்று உரசுவதுதான் அவருக்கு முக்கியம். அதே 1966-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற முழுநீளப் படத்தில் இந்தப் போக்கு உச்சத்துக்குப் போயிற்று. அதற்கும் ஒளிப்பதிவு குச்சேராதான். அவர் ஹிதிலோவாவின் கணவரும்கூட.

கடைசிக் கதை யிரெஷின் 'ரொமான்ஸ்'. குழாய் வேலை பழகும் காஸ்தோன் என்ற இளைஞனுக்கும் ஒரு ரோமா (ஜிப்ஸி) இனப் பெண்ணுக்கும் நடக்கும் ஓர் இரவின் கதை. அவன் கூச்சக்காரன். அவள் வெளிப்படையாகப் பேசுகிறவள், பேரம் பேசுகிறவள், சிரிக்கிறவள். நடித்தவள் நடிப்புப் பின்னணி இல்லாத இளம்பெண். அவளுடைய பேச்சில் இருக்கும் துணிச்சலுக்காகவே இதைப் பார்க்கலாம். ரோமா மக்களை ஒரு பெரும்பான்மைச் சமூகம் எப்படிப் பார்க்கும் என்பதும் படத்தில் கசியத்தான் செய்கிறது. இன்றைய கண்ணுக்குச் சில இடங்கள் உறுத்தும். ஆனால் அவளைப் பரிதாபத்துக்குரியவளாக யிரெஷ் ஆக்கவில்லை. அந்த இரவை நடத்திக்கொண்டு போகிறவள் அவள்தான்.

ஐந்தையும் பார்த்த பிறகு முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். எழுத்து ஹ்ராபலுடையது. கேமரா குச்சேராவுடையது. அப்படியிருந்தும் ஒன்று ஞாயிற்றுக்கிழமைப் பயணம் போல, ஒன்று மூடிய அறை போல, ஒன்று வண்ணக் கனவு போல, ஒன்று காய்ச்சலில் கண்ட காட்சி போல, ஒன்று தெருவில் எதேச்சையாக எட்டிப் பார்த்தது போல இருக்கிறது. குச்சேராவே ஐந்து ஆளாக மாறிவிட்டாரோ என்று தோன்றும். அவர் மாறவில்லை. எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் கண்ணை எடுக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று முடிவு செய்கிறவர் மாறிக்கொண்டே இருந்தார். இயக்குநர் என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு என் கண்ணால் பார்த்த பதில் இதுதான்.

ஆனால் ஐந்தும் சிதறிப்போகவும் இல்லை. காரணம் அந்த நூல். ஐந்து கதைகளிலும் மனிதர்கள் பேசுகிறார்கள். ஐந்திலும் பேச்சுக்கு அடியில் பேசாத ஒன்று கிடக்கிறது. பந்தயக் கூட்டத்தின் பேச்சுக்கு அடியில் மரணம். கிழவர்களின் பெருமைக்கு அடியில் வெறுமை. முகவர்களின் கணக்குக்கு அடியில் அந்த ஓவியச் சுவர். போதாக்குறைக்கு ஹ்ராபலே படத்தில் ஆங்காங்கே தலைகாட்டிவிட்டுப் போகிறார். யாரும் நூலை இழுத்துக் காட்டவில்லை. ஆனாலும் மாலை அறுந்து விழவில்லை.

உண்மையில் இந்தத் திட்டத்துக்காக ஏழு படங்கள் எடுத்தார்கள். இவான் பாஸெர் ஒன்று எடுத்தார், யுராய் ஹெர்ஸ் ஒன்று எடுத்தார். ஏழையும் சேர்த்தால் ஒரு படத்துக்கு நீளம் அதிகம். இரண்டையும் எடுத்துவிட்டுத் தனிக் குறும்படங்களாக வெளியிட்டார்கள். ஐந்து பகுதிகளோடு நின்ற படம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடுகிறது. ஆந்தாலஜி படங்களுக்கு இது பழகிய விதி. 1962-ல் இத்தாலியில் நான்கு இயக்குநர்கள் சேர்ந்து எடுத்த ஒரு படம் கான் விழாவுக்குப் போனபோது மாரியோ மொனிசெல்லியின் பகுதியை வெட்டிவிட்டார்கள். அதை எதிர்த்து மற்ற மூன்று இயக்குநர்களும் விழாவுக்குப் போகவில்லை. பிராகாவில் அந்த மாதிரி சண்டை இல்லை. ஆனால் வெளியே போன இரண்டும் சாதாரணப் படங்கள் அல்ல. ஹெர்ஸின் படம் பழைய காகிதக் கடையில் நடக்கிறது. ஹ்ராபலின் கையில் காகித அழுக்கு ஒட்டியிருந்த காலம் அப்படியே அதில் இருக்கிறது.

இந்தக் கூட்டணி நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. அதற்குப் பின் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் சிதறினார்கள். பாஸெர் 1969-ல் நாட்டை விட்டு வெளியேறினார். நெமெத்ஸுக்குப் படம் எடுக்க அனுமதி மறுக்கப்பட்டது. 1974-ல் அவரும் கிளம்ப வேண்டியதாயிற்று. ஷோர்ம் நாடகம், ஆபரா என்று மேடைப்பக்கம் ஒதுங்கினார். ஹிதிலோவா 1970-களின் நடுப்பகுதி வரை படம் எடுக்க முடியாமல் போராடினார். ஹ்ராபலின் கதைகளை வைத்து மென்ஸெல் 1969-ல் எடுத்து முடித்த இன்னொரு படத்தைப் பூட்டி வைத்துவிட்டார்கள். அது வெளியே வந்தது 1990-ல். வந்த உடனே பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. ஹ்ராபலின் புத்தகங்கள் 1970-ல் வாசகர் கைக்குப் போகாமலேயே காகிதக் கூழாக்கப்பட்டன. பழைய காகிதத்தை அழுத்திக் கட்டும் வேலை பார்த்தவருக்கு இப்படி ஒன்று நடந்ததை நினைத்தால் மனசு கனக்கிறது.

அதனால் இந்த ஐந்து பேரும் ஒரே பட்டியலில் சேர்ந்து நின்ற தருணம் என்பதற்காகவும் எனக்கு இந்தப் படம் பிரியமானது.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் தடவை நிறுத்தாமல் ஒரே மூச்சில் பாருங்கள். ஒரு கதையின் சுவை நாக்கில் இருக்கும்போதே அடுத்தது தொடங்க வேண்டும். இந்த வடிவம் அதற்காகத்தான். 'ஏமாற்றுக்காரர்கள்' கொஞ்சம் மெதுவாகத் தோன்றினால் விட்டுவிடாதீர்கள். இரண்டாவது தடவை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: ஒருவர் பேசும்போது கேமரா பேசுகிறவரைப் பார்க்கிறதா, கேட்கிறவரைப் பார்க்கிறதா, இல்லை இரண்டையும் விட்டுவிட்டு வேறெங்கோ பார்க்கிறதா? கதைக்குக் கதை இது எப்படி மாறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டாலும் தப்பில்லை. எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அதில் இருக்கிறது.

அதன்பின் பாஸெரின் குறும்படத்தைத் தேடிப் பிடியுங்கள். 'ஃபாத்னி ஓத்போலெத்னே', அதாவது 'சுவாரசியமில்லாத ஒரு மதியம்'. கால்பந்தாட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை. ஒரு சின்ன சாராயக் கடை. தினமும் வருகிறவர்கள் வழக்கம் போல உட்கார்ந்து வழக்கமான கதைகளை அளந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு மூலையில் ஓர் இளைஞன் மட்டும் யாரிடமும் பேசாமல் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறான். நேரம் ஆக ஆக அந்த மௌனத்தைக் கடையில் இருக்கும் பெரியவர் ஒருவரால் தாங்கவே முடியவில்லை.